ஒற்றை ஆணித் துளை

கெல்சி கம்பெனிக் கேரவனுக்கு, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டிக்கு, வயது சொல்லக் கதவைத் திறக்கவே வேண்டாம், சன்னல் கொக்கியைப் பார்த்தால் போதும் என்பது இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயர் பழங்கேரவன் சங்கத்தில் வேதவாக்கு. பித்தளைக் கொக்கியின் நுனி கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தால் 1937. நேராக இருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது. இதைக் கண்டு சொன்னவர் வில்ஃப் ஆர்மரோட். எழுபத்தொன்பது வயது, சங்கத்தின் பதிவேடு இருபத்திரண்டு வருடமாக அவர் கையில்தான். அவரை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் பிறகு ஊரை விட்டே லிங்கன்ஷயருக்குக் குடிபோய்விட்டான்.

லொரெய்ன் ஸ்கெல்டனின் கேரவனில் ஏழு சன்னல்கள். ஏழிலும் கிளிமூக்கு.

அவள் அதைக் கண்டெடுத்தபோது பாட்ரிங்டன் பக்கம் ஒரு வயலின் மூலையில் சக்கரம் புதைந்து கிடந்தது. உள்ளே பதினோரு கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. ஹெஸ்ஸல் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்துநாலு வருடம் பெரிய பாத்திரங்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள் லொரெய்ன். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. விவசாயியிடம் கேட்டு, கோழிகளை இறக்கி, வண்டியை லாரியில் ஏற்றி வீட்டு முன் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"முட்டை வாங்கப் போனவ கோழிக்கூட்டையே வாங்கிட்டு வந்திருக்கா" என்றான் கணவன் ட்ரெவர்.

"நீ உள்ள போய்ப் படு, கோழி போன கொறை தெரியாது" என்றாள் அவள்.

மூன்று வருட வேலை. அடிச்சட்டம் தொட்டால் ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது. உளுத்த இடத்தை அறுத்து, புது ஆஷ் மரத்தை ஒட்டுப்போட்டுப் பொருத்தக் கற்றுக்கொண்டாள். கூரைக்குக் கித்தான் துணியை இழுத்துக் கட்டி, ஐந்து பூச்சு பெயின்ட் கொடுத்தாள். கொக்கிகளை வினிகரில் ஊறவைத்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். முதல் வருடம் சங்கக் கூட்டத்துக்குப் போனபோது, முன்வரிசைக்காரி மேக்ஸீன் ஃபர்த், "கோழிக்கூட்டுக்கெல்லாம் எதுக்கும்மா சங்கம்?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருந்தாள். லொரெய்ன் அன்று சிரித்து வைத்தாள். ஆனால் ஒவ்வொரு ஆணியை அடிக்கும்போதும் அந்தக் கேள்வியையும் சேர்த்தே அடித்தாள்.

முன்வரிசை என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஜூன் மாதம் பெவர்லி மைதானத்தில் வண்டிகள் கூடும்போது, போருக்கு முந்தியவை மட்டும் சாலையைப் பார்த்து முன்னால் நிற்கும். மற்றதெல்லாம் பின்னால், வேலியோரம், கழிவறைக்குப் பக்கத்தில். முன்வரிசை வண்டியின் கதவில் வருடம் எழுதிய எனாமல் தகடு இருக்கும். இந்த மார்ச்சில் வில்ஃப் வந்து ஏழு கொக்கியையும் தடவிப் பார்த்து, "முப்பத்தேழுதான் கண்ணு. மூணாவது எடம் உனக்கு" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். லொரெய்ன் இதைக் கறிக்கடைக்காரரிடம் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள், ஹல் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மனிதரிடமும் சொன்னாள்.

மே கடைசியில் ஒரு மழை. அலமாரிக்குப் பின்னால் ஈரம் தெரிந்தது. வண்டி முழுவதிலும் அவள் கழற்றாமல் விட்டிருந்த உள்பலகை அது ஒன்றுதான். நன்றாக இருந்ததை எதற்குக் கழற்ற வேண்டும் என்று விட்டிருந்தாள். இப்போது வேறு வழியில்லை. குறடை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பலகையை எடுத்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. குளிர் புகாமலிருக்கச் சட்டங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளை மடித்து மடித்துத் திணித்திருந்தார்கள். மற்ற இடங்களில் அது எலி கடித்துக் கூழாகிப் போயிருந்தது. இங்கே முழுசாக இருந்தது. விரித்தாள். உருளைக்கிழங்கு ரேஷன் பற்றிய புலம்பல், இடுப்பை ஒடுக்கும் உள்ளாடைக்கு விளம்பரம், மேலே தேதி: 14 பிப்ரவரி 1948.

ஏணிப்படியில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு நேரே காட்டிங்ஹாமுக்கு, வில்ஃப் வீட்டுக்குப் போனாள்.

வில்ஃப் தன் கேரவனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவும் கெல்சிதான், லொரெய்னுடையதற்கு இரட்டைப் பிறவி. முன்வரிசையில் முதல் இடம் இருபத்திரண்டு வருடமாக அதற்குத்தான். கதவிலிருந்த தகட்டில் 1937 என்று எழுதியது எட்டு வருடத்துக்கு முன் இறந்துபோன அவர் மனைவி எட்னா.

பேப்பரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு? எவனாவது பின்னாடி ரிப்பேர் பண்ணப்போ திணிச்சிருப்பான். வண்டி பொறந்தது கொக்கில தெரியும் கண்ணு, பேப்பர்ல இல்ல."

"அப்ப எம் வண்டி முப்பத்தேழுதானே?"

"நான் எழுதிட்டேன்ல? போய் நிம்மதியா பெயின்ட் அடி."

லொரெய்னுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள். ஈரத்தை அடைத்துவிட்டுப் பலகையைத் திரும்பப் பொருத்த மடியில் வைத்தாள். அப்போதுதான் துளைகள் கண்ணில் பட்டன.

முப்பத்தெட்டு ஆணி. முப்பத்தெட்டே துளை.

ஒருதரம் பிடுங்கிய துளையில் ஆணி மறுபடி இறுகி நிற்காது. பக்கத்தில் இன்னொன்று அடித்தாக வேண்டும். மூன்று வருடமாக அவளே அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பலகையை யாராவது எப்போதாவது கழற்றி மாட்டியிருந்தால் எங்காவது ஓர் இரட்டைத் துளை இருக்க வேண்டும். பலகையிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. தொழிற்சாலைக்காரன் அடித்த ஆணியை முதன்முதலில் பிடுங்கியவள் அவள்தான். பேப்பர் வண்டியோடு பிறந்தது.

ட்ரெவர் டீயோடு வந்தான். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"போர் முடிஞ்ச புதுசுல பித்தளை ஏது? பழைய கொக்கி ஒரு டப்பா மிச்சம் இருந்திருக்கும். அதையே போட்டுத் தள்ளிருப்பான்."

"அதான் நானும் நெனச்சேன்."

"ரெண்டு ஆணிய எச்சா அடிச்சு விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"அடிக்கப் போற எனக்குத் தெரியாதா?"

ட்ரெவர் டீயில் ஒரு மிடறு குடித்தான். "சரி, வில்ஃப் வண்டிலயும் இதே கொக்கிதானே?"

அதைத்தான் அவளும் துளைகளைக் கண்ட நிமிடத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். தன் முன்வரிசை போவது ஒரு வலி. அந்தக் கிழவரின் முதல் இடத்தையும் சேர்த்துப் பறிப்பது இன்னொரு வலி. வாயை மூடிக்கொண்டால் இரண்டும் இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துவிட்டு, அந்தச் சோற்றையே தினமும் தின்ன அவளால் முடியாது. பலகையைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு மறுபடி போனாள்.

வில்ஃப் துளைகளின் மேல் விரலை ஓட்டினார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, பிறகு திரும்பவும். அடுப்பில் கெட்டில் கொதித்து ஓய்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"நான் உள்பலகைய ஒருநாளும் கழட்டினதில்ல. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

"உங்க வண்டியப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல வில்ஃப்."

"நீ கேக்கல. இந்தப் பலகை கேக்குது."

அவர் எழுந்து பதிவேட்டை எடுத்தார். "என்ன வருஷம்னு எழுத?"

"நாப்பத்தெட்டு."

"பின்னாடி கக்கூஸ் பக்கம்தான் எடம் இருக்கு."

"தெரியும்."

அவர் 1937-ஐ ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 1948 என்று எழுதினார். தன் வண்டியைப் பற்றி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூனில், பெவர்லி மைதானத்தில் வண்டிகள் கூடும் திருவிழா அன்று காலை வெயில் அடித்தது. பாலாடை நிறமும் பச்சையுமாக லொரெய்னின் கேரவன் கழிவறைக்குப் பத்தடி தள்ளி நின்றது. பலகையில் சதுரமாக ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடி பதித்திருந்தாள். உள்ளே அந்தப் பேப்பர் அது பிறந்த இடத்திலேயே தெரிந்தது. அவள் அதற்காக வெட்கப்படவில்லை. இந்த மைதானத்தில் தன் வயது தனக்கே நிச்சயமாகத் தெரிந்த வண்டி இது ஒன்றுதான் என்று நினைத்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மேக்ஸீன் வந்தாள். "பதினோரு வருஷம் எளமையாயிட்டியாமே லொரெய்ன்? ரகசியத்த எங்களுக்கும் சொல்லேன்."

"ஆணியப் புடுங்கிப் பாரு. நீயும் எளமையாயிடுவ."

மேக்ஸீன் வண்டியும் கெல்சிதான். அவள் சிரித்துக்கொண்டே போனாள், ஆனால் போகிற வழியில் தன் சன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

முன்வரிசையின் முதல் இடத்தில் வில்ஃபின் கேரவன் வழக்கம்போல நின்றது. அவர் அதன் முன்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். லொரெய்னுக்கு வருத்தமில்லை என்றால் பொய். அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, எட்னா எழுதிய தகடாயிற்றே என்றும் நினைத்தாள். இரண்டும் மாறி மாறி வந்தன.

பதினோரு மணிக்குப் பொதுமக்களுக்கு வாசல் திறப்பார்கள். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் வில்ஃப் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். நாற்காலியை மடித்தார். காரைப் பின்னால் கொண்டுவந்து கேரவனை மாட்டினார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார் மெதுவாகப் புல்வெளியைக் கடந்து, பின்வரிசைக்கு வந்து, லொரெய்னின் வண்டிக்கும் கழிவறைக்கும் நடுவே இருந்த சின்ன இடத்தில் ஒரே தடவையில் பின்னோக்கிப் புகுந்து நின்றது. கதவில் தகடு இல்லை. நாலு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன.

வில்ஃப் இறங்கினார். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுக்கொண்டார். தகடு அங்கே இருந்தது.

"செவ்வாக்கெழம ஒரு பலகைய எடுத்தேன். முப்பத்தாறு ஆணி, முப்பத்தாறு துளை. பேப்பர் நவம்பர் நாப்பத்தேழு" என்றார். "உன்ன விட மூணு மாசம் மூத்தவன் நான். மரியாதையாப் பேசணும்."

லொரெய்னுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப காலைல எதுக்கு அங்க போய் நின்னீங்க?"

"கடைசியா ஒரு தடவ அங்க உக்காந்து டீ குடிச்சிட்டு வரலாம்னுதான்."

அதற்குள் பாதிச் சங்கம் அங்கே கூடிவிட்டது. முன்வரிசையில் காலியான முதல் இடத்தில் புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேக்ஸீன் முன்னால் வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"வில்ஃப், எங்க வண்டியக் கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"

வில்ஃப் கேரவனை ஆடாமல் நிறுத்தும் இரும்பு முன்கால்களை இறக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்:

"என்னக் கேக்காத. எனக்குக் கொக்கி மட்டும்தான் பாக்கத் தெரியும். லொரெய்னக் கூட்டிட்டுப் போ."

மேக்ஸீன் லொரெய்னைப் பார்த்தாள். லொரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் குறடை எடுத்துக்கொண்டு வந்தாள்.