மஞ்சள் கோட்டுக்குள் ஒரு நாற்காலி

எட்டாம் மாதம் பிறந்ததும் சானியா கணவனின் பழைய சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவளுடைய ஐந்தாம் நம்பர் ஷூவுக்குள் விரல்கள் நுழைந்தன. குதிகால் வெளியே நின்று அடம்பிடித்தது. கம்பெனி ஸ்டோரில் கேட்டதற்கு, புது ஷூ வருஷத்துக்கு ஒருமுறைதான், அடுத்தது ஏப்ரலில் என்றார்கள். குழந்தை பிப்ரவரியில் பிறந்துவிடும். ஏப்ரலில் கால் தானாகவே ஐந்தாம் நம்பருக்கு இறங்கியிருக்கும். ஆகவே தானிஷின் எட்டாம் நம்பர்.

“சத்தம் வருதாங்க?” என்று வாசலில் நடந்து காட்டினாள்.

“லேசா. போலீசு வர்ற மாதிரி இருக்குது,” என்றான் தானிஷ்.

மாமியார் முனவர் பேகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகள் ராத்திரி முழுக்கப் புரண்டது அவருக்கும் தெரியும். மூக்கண்டப்பள்ளியின் ஒற்றை அறை வீட்டில் ஒருவர் புரண்டால் மூன்று பேர் புரண்டாக வேண்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் குழந்தை உதைத்தது. வலப்பக்கம் திரும்பினால் நெஞ்சு எரிந்தது. மல்லாந்து படுக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் சமாதானப்படுத்திக் கண் அசரும் நேரத்தில் பாத்ரூம் கூப்பிட்டது. வீட்டிலிருந்த நான்கு தலையணைகளும் அவள் முழங்கால் இடுக்கிலும் முதுகுக்குப் பின்னாலும் காலுக்கு அடியிலும் குடியேறிவிட்டன. தானிஷ் இரண்டு வாரமாக மடித்த ஜமக்காளத்தில் தலை வைத்துப் படுக்கிறான்.

“லீவு போட்டுட்டு வூட்ல இரும்மா. காலப் பாரு, பன்னு கணக்கா இருக்குது,” என்றார் முனவர் பேகம்.

“இப்ப போட்டா அப்புறம் குறைஞ்சிரும் மாமி.”

விஷயமே அதுதான். பிரசவ விடுப்பு மொத்தம் இருபத்தாறு வாரம். முன்னால் எடுக்கிற வாரமெல்லாம் பின்னால் குழந்தையோடு இருக்க வேண்டிய வாரத்திலிருந்து போகும். கம்பெனியில் அடுத்த லைனில் வேலை செய்யும் பிரியா எட்டு வாரத்தை முன்னாலேயே எடுத்துவிட்டு, கைக்குழந்தையை வீட்டில் விட்டுத் திரும்பி வந்தவள். சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமில் நின்று பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு லைனுக்கு ஓடுவாள். அதைப் பார்த்த அன்றே சானியா முடிவு செய்துவிட்டாள்: பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்வரை வேலை.

அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு இந்த முடிவில் பாதிச் சம்மதம். பிரஷர் பார்த்தார், சிறுநீர் பார்த்தார், எல்லாம் சரி என்றார். “இந்த மாசத்துல கால் வீங்கத்தான் செய்யும். தலவலி, கண்ணு மங்கல் வந்தா மட்டும் ஓடி வந்துரு. ஆனா எட்டு மணி நேரம் நிக்கறதுங்கறது ஆகாது. உக்காந்து, காலத் தூக்கி வெச்சு வேல செய்ய முடியும்னா செய். இல்லேன்னா அடுத்த வெள்ளிக்கிழம நானே ரெஸ்ட்டுன்னு எழுதிடுவேன்.”

ஆக, சானியாவுக்கும் அவள் குழந்தைக்கும் சேர்ந்து கிடைக்க வேண்டிய ஆறேழு வாரம் ஒரு நாற்காலியின் நான்கு கால்களில் நின்றுகொண்டிருந்தது.

சிப்காட் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த கம்பெனி இருசக்கர வண்டிகளுக்கு வயர் கட்டுகள் செய்து தந்தது. அங்கே எல்லாம் கிடைக்கும், நாற்காலி கிடைக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்கிற ‘ஃபைவ் எஸ்’ ஜப்பானிய முறைக்குத் தலைவரான கோவிந்தப்பன் லைன்களிலிருந்து அத்தனை நாற்காலிகளையும் வெளியேற்றினார். உட்கார்ந்த கை மெதுவாக ஓடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை அவர் உட்கார்ந்துகொண்டுதான் கண்டுபிடித்தார். ஒன்பது நாள் பயிற்சிக்கு ஜப்பான் போய் வந்தவர். போகும்போது ராயக்கோட்டைக்காரராகப் போனார். வரும்போது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்குக் கூட இடுப்பு வளைத்து வணக்கம் வைத்தார். செக்யூரிட்டி, ஐயா ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறார் என்று தானும் குனிந்து தேடினார்.

கோவிந்தப்பனின் சட்டம் எளிமையானது. ஷெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தரையில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கட்டம் வேண்டும். துடைப்பத்துக்கு ஒரு கட்டம், குப்பைத் தொட்டிக்கு ஒரு கட்டம், கட்டம் போடுகிற பெயிண்ட் டப்பாவுக்கும் ஒரு கட்டம். கட்டம் இல்லாத பொருள் தேவையில்லாத பொருள். அதற்குச் சிவப்புச் சீட்டுக் கட்டி, கம்பி வலை போட்ட அறைக்கு அனுப்புவார்கள். முப்பது நாளில் யாரும் கேட்காவிட்டால் காயலான் கடை.

திங்கட்கிழமை காலை, முதலுதவி அறை நர்ஸ் மணிமேகலை தன்னுடைய நாற்காலியையே தூக்கிவந்து சானியாவின் மேஜைக்குப் பின்னால் போட்டாள். “உக்காரு. எவன் கேட்டாலும் சிஸ்டர் சொன்னாங்கன்னு சொல்லு.”

யாரும் கேட்கவில்லை. இருபது நிமிஷத்தில் ஒருவர் வந்து, சானியா உட்கார்ந்திருக்கும்போதே, நாற்காலிக் கைப்பிடியில் சிவப்புச் சீட்டைக் கட்டினார். அவள் குனிந்து படித்தாள். பொருள்: நாற்காலி. பயன்படுத்துபவர்: இல்லை. முடிவு: அகற்றுக.

“நான் உக்காந்திருக்கனேண்ணா?”

“கட்டம் இல்லீயேம்மா,” என்றார் அவர் உண்மையான வருத்தத்தோடு.

மணிமேகலை சிவப்புச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சானியாவையும் கூட்டிக்கொண்டு கோவிந்தப்பன் அறைக்குப் போனாள்.

“சார், ரொம்ப நேரம் நிக்கற வேல வேணாம்னு இவ எழுதிக் குடுத்தா இந்த மாசத்துல கேட்டுத்தான் ஆகணும். சட்டத்துலயே இருக்குது. எழுதியாச்சு, இந்தாங்க.”

“சட்டம் இருக்கட்டும் சிஸ்டர். லேஅவுட்டுன்னு ஒண்ணு இருக்குதில்ல? ஒரு கட்டம் போடறதுன்னா ஆறு டிபார்ட்மெண்ட்டு கையெழுத்து…” பேசிக்கொண்டே சானியாவின் காலைப் பார்த்த கோவிந்தப்பன் நிறுத்தினார். முகத்தில் வெளிச்சம் வந்தது. வியாழக்கிழமை பெங்களூர் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் இரண்டு நாளாக அவருக்கும் தூக்கம் இல்லை.

“சிஸ்டர்,” என்றார் மெதுவாக, “இத நாம ஒரு ப்ராஜெக்ட்டா பண்றோம்.”

செவ்வாய்க்கிழமை அவளுடைய கால்களைப் படம் எடுத்தார்கள். அளவு தெரிய வேண்டுமென்று பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்தார்கள். கணுக்காலைச் சுற்றி டேப் பிடித்து, இருபத்தேழரை சென்டிமீட்டர் என்று இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

“எதுக்கு சார் இது?” என்றாள் சானியா.

“முன், பின். இப்ப இருக்கற நிலை ஒரு படம், நாற்காலி குடுத்தப்புறம் ஒரு படம். நாப்பது பர்சண்ட் குறைக்கறதுதான் நம்ம இலக்கு.”

“நாப்பது குறைஞ்சா எலும்புதான் சார் மிஞ்சும்,” என்றாள் மணிமேகலை.

புதன்கிழமை நாற்காலி வந்தது. சாதாரண நாற்காலி அல்ல. சாய்மானத்தில் மெத்தை, காலை நீட்டி வைக்கத் தனியாக ஒரு முக்காலி, அதற்கும் மெத்தை. ‘தாய்மைப் பணி நிலையம்’ என்று மேலே பலகை. சானியா அதைப் பார்த்ததும் அவளுடைய கால்கள் இரண்டும் அவளுக்கு முன்னால் நடந்தன. ஆனால் நாற்காலி லைனுக்கு வரவில்லை. லைனில் கட்டம் போட ஆறு கையெழுத்தில் இரண்டுதான் ஆகியிருந்தது. வரவேற்பு வாசலை ஒட்டிய காட்சி மூலையில் மட்டும் கோவிந்தப்பன் கையெழுத்தே போதும். அங்கே பளபளவென்று மஞ்சள் கட்டம் போட்டு, நாற்காலியை நடுவில் வைத்து, பின்னால் அவளுடைய கால்களின் படத்தைக் காலண்டர் சாமி அளவுக்குப் பெரிதாக்கி மாட்டி, முன்னால் ஒரு அட்டையும் வைத்தார்கள்: ‘காட்சிக்கு மட்டும். உட்காராதீர்கள்.’

அன்று சானியா எட்டு மணி நேரமும் நின்றாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்ற தானிஷ் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் இழுக்க வேண்டியிருந்தது.

“இது நம்ம ஷூவா, எலும்பு முறிஞ்சு போட்ட மாவுக்கட்டா?” என்றான். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். “நாளைக்கி மறுநாள் டாக்டரு எழுதிருவாரு,” என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. டீ இடைவேளை பத்து நிமிஷம். மூன்று ராத்திரியாகக் கண்ணை மூடாதவள் கேண்டீனுக்குத்தான் புறப்பட்டாள். வழியில் காட்சி மூலை இருந்தது. ஆளில்லை, எல்லாரும் கேட்டில் பூங்கொத்தோடு நின்றார்கள். ஐந்து நிமிஷம்தானே என்று ஷூவைக் கழற்றினாள். உட்கார்ந்தாள். காலை முக்காலி மேல் வைத்தாள். அப்போது அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை யாராவது கேட்டிருந்தால் பக்கத்தில் டயர் பஞ்சர் என்று நினைத்திருப்பார்கள். நெஞ்செரிச்சல் இல்லை. உதை இல்லை. குழந்தையும் இந்த நாற்காலிக்காகத்தான் காத்திருந்தது போல அடங்கிவிட்டது.

பேச்சுக்குரல் கேட்டு விழித்தாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் தெரியப்போவது கோவிந்தப்பனின் முகம் என்பது தெரிந்துவிட்டது.

“ஏனு சார் இது?” என்றது வயதான, கன்னடம் கலந்த குரல். தணிக்கைக்காரர்.

 பதிலுக்கு முந்திய ஒரு நொடியில் கோவிந்தப்பன் ஜப்பானுக்கு ஒருமுறை போய் வந்திருக்க வேண்டும்.

“லைவ் டெமோ சார்.”

“நல்லா பண்றாங்க டெமோ. மெதுவா பேசுங்க, எழுந்திரிச்சிருவாங்க.” காகிதம் புரளும் சத்தம். “இந்த சேர் யாருக்கு?”

“லைன்ல வேல செய்யற கர்ப்பிணிப் பெண்களுக்கு சார்.”

“லைன் எல்லி?”

“உள்ள சார். ஒரு நூறடி.”

“சேர் இங்க. லைன் அங்க.” பேனா நாற்காலியிலிருந்து ஷெட்டுக்கும், ஷெட்டிலிருந்து நாற்காலிக்கும் போய் வருவதைக் கண்மூடியிருந்தவளும் உணர்ந்தாள். “பொருள் பயன்படற எடத்துல இருக்கணும்னு உங்க போர்டுலயே பெரிசா எழுதியிருக்கீங்களே கோவிந்தப்பன் சார். நூறடி தள்ளி வெச்சா எப்படி? இது ஒரு குறைதான். எழுதிக்கறேன்.”

“சார், அது வந்து, லேஅவுட்டு…”

“இருபத்துநாலு மணி நேரத்துல சரிபண்ணி போட்டோ அனுப்பிடுங்க.”

காலடிகள் நகர்ந்தன. போகும்போது யாரோ அவளுடைய எட்டாம் நம்பர் ஷூவை ஓரமாக, மஞ்சள் கோட்டுக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். அது கோவிந்தப்பனாகத்தான் இருக்கும். பழக்கம்.

இரண்டு நாளில் இரண்டு கையெழுத்து வாங்கிய காகிதம் மீதி நான்கையும் அன்று மதியம் ஒன்றரை மணி நேரத்தில் வாங்கியது. ஒரு துறைத் தலைவர் கை கழுவும்போது ஈரக் கையால் போட்டார். வெள்ளிக்கிழமை ஏழு மணி ஷிப்ட்டுக்கு சானியா வந்தபோது, மேஜைக்குப் பின்னால் காயாத மஞ்சள் கட்டம், நடுவில் நாற்காலி, அதன் முன்னால் முக்காலி. ‘உட்காராதீர்கள்’ அட்டையும் கூடவே வந்திருந்தது. மணிமேகலை அதைத் திருப்பி வைத்தாள்.

மாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் பேனாவை எடுத்தார். “நாற்காலி?”

“குடுத்துட்டாங்க டாக்டர். காலு வெக்கவும் ஒண்ணு.”

டாக்டர் பேனாவை மூடினார். “சரி, அடுத்த வாரம் வா.”

ராத்திரித் தூக்கம் முன்போலத்தான். தலையணைகள் நான்கும் இன்னும் அவள் பக்கம்தான். ஆனால் பகலில் கால் கடுக்கவில்லை, சாயங்காலம் ஷூவைக் கழற்ற ஓர் ஆள் போதும்.

பத்து நாள் கழித்து கோவிந்தப்பன் ‘பின்’ படம் எடுக்க வந்தார். ஸ்கேல், டேப், கையெழுத்துப் போட இரண்டு பேர். கணுக்காலைச் சுற்றி அளந்தார்கள். இருபத்தேழு. மறுபடி அளந்தார்கள். டேப்பை மாற்றிக்கூட அளந்தார்கள்.

“அரை சென்டிமீட்டர்தான் குறைஞ்சிருக்குது,” என்றார் கோவிந்தப்பன், ஏமாற்றத்தை மறைக்காமல். “மீதி எப்ப குறையும்மா?”

“புள்ள பொறந்தப்புறம் குறையும் சார்.”

அவர் சற்று யோசித்தார். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த பலகையில் நிலுவை வேலைகளுக்கான வரிசையில் அழகான கையெழுத்தில் எழுதினார். வேலை: மீதி வீக்கம் குறைத்தல். முடிக்கும் தேதி: பிப்ரவரி. பொறுப்பு: சானியா.

“ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா.”

சானியா முக்காலியிலிருந்து காலை எடுக்காமலே கை நீட்டிப் பேனாவை வாங்கி, போட்டாள்.