மிளகாய் வறுத்த ஞாயிற்றுக்கிழமைகள்

1

இந்தக் கதை ஓர் இருமலில் பிறந்தது. என் இருமல்தான். மயூர் விகாரில் என் தலைக்கு மேல் குடியிருக்கும் ஜலஜா ஞாயிறுதோறும் வற்றல் மிளகாய் வறுக்கிறாள். அந்த நெடி என் ஜன்னலில் நுழைந்து, யமுனையைத் தாண்டி, லோதி ரோடில் நடை பழகிக்கொண்டிருந்த அதிகாரிகள் நாற்பது பேரைக் கீழே உட்காரவைத்தது. (நாற்பது அதிகம். முப்பத்தெட்டு.)

முதலில் எழுதிய தொடக்கம்: 'உலகெங்கும் வீட்டு விலை விண்ணை முட்டும் இந்நாளில்...' வேண்டாம். விண்ணையும் மனை பிரித்து விற்றாகிவிட்டது. எனக்கு அலுத்துவிட்டது, உங்களுக்கும்தான்.

2

ஞாயிறு என்றால் புரோக்கர் வீடு பார்க்க ஆள் கூட்டிவருகிற நாள். அதற்குத்தான் மிளகாய்.

ஜலஜாவின் ஒரே மகள் மாதங்கி டொரன்டோவில் வீடு வாங்க வேண்டும். முன்பணத்துக்கு வழி, அம்மாவின் டெல்லி வீடு.

"நான் குடுக்கற வாடகைலயே ஓனர் இன்னொரு வீடு வாங்கிட்டான்மா."

"சரிடி, இதை வித்துட்டு நான் எங்க போறது?"

"இங்க வந்துடு. பேஸ்மென்ட்ல உனக்குன்னு ஒரு ரூம். ஜன்னல்கூட உண்டு."

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"பனி."

கணவர் போன பிறகு ஜலஜாவுக்கு மிச்சம் இந்த வீடும் மாதங்கியும்தான். மகளிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "அச்சா, ஆள் வரட்டும், பார்க்கலாம்" என்றாள்.

[இடையில் ஒன்று: என் பழைய ஆபீஸ் நண்பர்களின் பிள்ளைகளுக்கு உலகம் பூராவும் இதே பாட்டுத்தான். சிட்னியில் ஒருத்தன் பேரன் பெயரிலும் தவணை போட்டுவிட்டான். பேரன் இன்னும் பிறக்கவில்லை. ஹாங்காங்கில் இன்னொருவன் கட்டிலுக்கு அடியை உள்வாடகைக்கு விட்டிருக்கிறான். இதையெல்லாம் நம்ப வேண்டாம். விலையை மட்டும் நம்புங்கள்.]

3

வந்தவர்கள் எல்லோரும் வாசலோடு திரும்பினார்கள். பட்பட்கஞ்சிலிருந்து வந்த ஒரு குடும்பம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய வேகத்தில் ஒற்றைச் செருப்பை விட்டுப்போனது.

"மாஜி, யே க்யா ஹை?" என்ன இது என்று புரோக்கர் கண்ணீரோடு கேட்டான்.

"லஞ்ச், பையா."

பொய் சொல்லவில்லை என்பதில் ஜலஜாவுக்கு ஒரு நிம்மதி. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் மகளிடம் "பிடிக்கலையாம்டி" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம்...

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

4

போன ஞாயிறு விமானப்படையில் வேலை பார்க்கும் ஜெயசீலனும் அவன் மனைவி கவிப்ரியாவும் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம். கதைக்காக நான் நுழைத்த ஆட்கள் என்று சந்தேகப்படுவீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் படியேறும்போது அவர்கள் இருமவே இல்லையே!

கவிப்ரியா வாசலில் நின்று மூச்சை இழுத்தாள்.

"ஏங்க, இந்த வீட்ல மொளகா வறுக்கலாங்க!"

"அதுக்கென்ன?" என்றாள் ஜலஜா, திடுக்கிட்டு.

"போன மாசம் இத வறுத்ததுக்குத்தான் ஹவுஸ் ஓனர் எங்கள காலி பண்ணச் சொல்லிட்டாரும்மா. நீங்க தீயக் கொஞ்சம் கொறைங்க, கருகுது."

அவளே போய்க் குறைத்தாள். அப்படியே அலமாரியைத் திறந்து, மிக்ஸி எங்கே வைக்கலாம் என்று பார்த்தாள்.

"சொன்ன வெலையே தாறோம்மா," என்றான் ஜெயசீலன். "ரிட்டயர் ஆகுற வரைக்கும் தவணதான். பரவால்ல."

ஜலஜாவின் கைபேசி அடித்தது. மாதங்கி.

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஜலஜா விற்கிறாள்: மாதங்கிக்கு வீடு, ஜலஜாவுக்குப் பனி தெரியும் ஜன்னல்.

ஜலஜா மறுக்கிறாள்: கவிப்ரியா அலமாரியை மெதுவாகச் சாத்துகிறாள்.

கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டை ஜெயசீலனுக்கு விற்று எல்லோரையும் காப்பாற்றுகிறார். கீழ்வீட்டுக்காரர் நான். அதனால் இந்த முடிவை அடித்துவிட்டேன்.

அன்று மேலே கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. "நீங்க போன எடுங்கம்மா, இத நான் பாத்துக்கிடுதேன்" என்று கவிப்ரியா கரண்டியை வாங்கிக்கொண்டதுவரை கேட்டது. அப்புறம் என் இருமலில் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றும் ஞாயிறு. நெடி இறங்கிக்கொண்டிருக்கிறது. யார் வறுக்கிறார்கள் என்று ஏறிப்போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் படிக்கட்டு இமயத்தைவிட இரண்டு படி அதிகம். நீங்கள் போங்கள். மணியடியுங்கள். கதவைத் திறப்பவள் கையில் கரண்டி இருக்கும்.


யார் என்று எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.