எண்ணெய்க் கையின் ரேகை

சொரிமுத்து பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்ன அன்று, அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் தளவாய் சித்தப்பா மேல்கூட வந்ததில்லை.

சித்தப்பா என்று கூப்பிடுவது வாய்ப் பழக்கம்தான். என்னை வளர்த்த காந்திமதிநாதன் பெரியப்பாவின் தம்பி அவர். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு சிவகிரிப் பக்கம் போனவர், இந்தத் திசைக்கே திரும்பவில்லை. பிள்ளையில்லாத பெரியம்மாவும் பெரியப்பாவும் தென்காசிக்கு என்னைத் தூக்கி வந்து வளர்த்தார்கள். பெரியம்மா முதலில் போனாள். 1962 மாசியில் பெரியப்பாவும் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சுந்தரி, நீ எடுத்து வளத்த புள்ள. சட்டப்படி வாரிசு நான்தான். சித்திரைக்குள்ள வீட்ட ஒழிச்சுக் குடுத்துரு," என்றார். அதோடு காப்பியும் கேட்டார். வெட்கங்கெட்டு நானும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. என்னை முறைப்படி தத்து எடுக்கவில்லை. உயில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட எனக்குக் கிடையாது.

ஆனால் உயில் இருந்தது. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில். தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடும் குத்துக்கல்வலசையில் வாங்கிய வயலும் எனக்கே என்று தன் கைப்பட எழுதியிருந்தார். எழுதிய இடம் குற்றாலம், முந்தின வருஷம் ஆடி மாதம். தென்காசியில் யாரிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் சித்தப்பா காதுக்குப் போய்விடும் என்று, சீசனுக்குக் குளிக்கப் போன இடத்தில் காரியத்தை முடித்திருக்கிறார். ஒரு சாட்சி, லாட்ஜில் பக்கத்து அறையில் தங்கியிருந்த கோவில்பட்டிக்காரர். இன்னொரு சாட்சி, அங்கே பெரியப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சொரிமுத்து. எழுதப் படிக்கத் தெரியாததால் எண்ணெய்க் கையோடு பெருவிரல் ரேகை வைத்திருந்தார். மை ஈஷிக்கொண்டு, காகிதத்தில் எண்ணெய் ஊறிப் போயிருந்தது. கையைத் துடைக்கச் சொல்லக்கூடவா தெரியவில்லை என்று செத்துப்போன மனுஷரைத் திட்டினேன்.

சித்தப்பா அதைக் கள்ள உயில் என்று கோர்ட்டுக்குப் போனார்.

என் வக்கீல் வல்லிநாயகம் சொன்னார்: "சாட்சி ரெண்டு பேர்ல ஒருத்தராவது கூண்டுல ஏறிச் சொல்லணும். கோவில்பட்டிக்காரர் இறந்துட்டாராம். மிச்சம் உன் எண்ணெய்க்காரர்தான். உங்க பெரியப்பா கையெழுத்துப் போட்டதை அவர் பாத்தாரான்னு கேட்டுக்கிட்டு வா."

சாரலில் நனைந்துகொண்டு குற்றாலம் போனேன். சொரிமுத்து ஐந்தருவிப் பாதையில் எண்ணெய்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா கையெழுத்துப் போடுறப்ப பாத்தியளா அண்ணாச்சி?"

"இல்லம்மா. நான் வெளிய எண்ணெ காய்ச்சிக்கிட்டு இருந்தேன். போட்ட பொறவுதான் கூப்பிட்டாவ."

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பாத்தேன்னு சொல்லிருங்க. ஒரு சொல்லுதான்."

"பாக்காதத எப்படிம்மா பாத்தேம்பேன்?"

"சித்தப்பா வந்துட்டுப் போனாவளோ?"

"வந்தாவ. பாக்கலைன்னு கோர்ட்டுல சொல்லணும்னு கேட்டாவ. ஆமா பாக்கலதான்னு சொன்னேன். ஆனா தாயி, அன்னைக்கு…"

மேற்கொண்டு கேட்க எனக்குப் பொறுமையில்லை. எதிராளிக்கு வாக்குக் கொடுத்தவரிடம் என்ன பேச்சு என்று எழுந்து வந்துவிட்டேன். வக்கீலிடம் உண்மையைச் சொன்னால் வழக்கைக் கைகழுவிவிடுவாரோ என்ற பயத்தில், பார்த்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வாய்தா வரும்வரை சோறு இறங்கவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தது. சொரிமுத்து கூண்டில் ஏறினார். சித்தப்பா பக்கத்தில் லாட்ஜ் காவல்காரனும் உட்கார்ந்திருந்தான்.

"காந்திமதிநாதன் கையெழுத்துப் போட்டதை உம்ம கண்ணால பாத்தீரா?" என்று வல்லிநாயகம் கேட்டார்.

"பாக்கலங்க."

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். வீடு போயிற்று என்றே முடிவு செய்தேன்.

"பின்னே எதுக்குய்யா ரேகை வச்சீர்?" என்று வக்கீல் எரிச்சலோடு கேட்டார்.

"ஐயா என்னைய உள்ள கூப்பிட்டாவ. கோவில்பட்டி ஐயாவும் அங்கன இருந்தாவ. தாளக் காட்டி, 'சொரிமுத்து, இது நான் எழுதுன உயிலு. இது என் கையெழுத்து. எம் மவ சுந்தரிக்கு எழுதியிருக்கேன்'னாவ. கோவில்பட்டிக்காரவுக ஐயா முன்னால கையெழுத்துப் போட்டாவ. கைய தொடச்சிட்டு வாரேன்னேன். 'இப்பமே வையிலே, எம் மவளுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா'ன்னாவ. அவுக பாக்க வச்சேன்."

வல்லிநாயகத்தின் குரல் மாறியது. சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிப் பதிய வைத்தார். பிறகு எனக்கு விளக்கினார்: கையெழுத்துப் போடுவதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதினவரே 'இது என் கையெழுத்து' என்று சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். ரெண்டில் ஒன்று போதும். சொரிமுத்து பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், அவர் அப்போது வெளியே அடுப்படியில் நின்றார் என்று சொல்ல அந்தக் காவல்காரனைத் தயாராக வைத்திருந்தார்கள். நான் கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு சொல் என்னைத் தெருவில் நிறுத்தியிருக்கும்.

உயில் செல்லும் என்று தீர்ப்பானது. அன்று கோர்ட் வாசலில் சொரிமுத்துவைப் பிடித்தேன்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் தாயி. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டிய."

எனக்கு வேறொன்று கேட்க வேண்டியிருந்தது. பெரியப்பா இருபத்திரண்டு வருஷமாக என்னை 'ஏட்டி' என்பார், 'சுந்தரி' என்பார். ஒரு நாளும் மகள் என்று சொன்னதில்லை.

"எம் மவன்னுதான் சொன்னாவளா அண்ணாச்சி?"

"ஆமா தாயி. ரெண்டு தரம் சொன்னாவ."

கோர்ட் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.