டிராகனின் புகார்

சனிக்கிழமை பகல் மூன்று மணியானால் கண்ணாடிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவார். வாரமெல்லாம் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடும் மனுஷன், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு ராஜா, பிசாசு, சந்தைக்காரி, தேவைப்பட்டால் குதிரையும்கூட. ஆன்லைனில் கதை விளையாட்டு. கதையை அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் நுழைந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைத் திரையில் உருளும் இருபது முகப் பகடை சொல்லும்.

ஆடுபவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாலர் பள்ளி டீச்சர். குழந்தைகளிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் இங்கே மந்திரவாதியாகித் தீர்த்துக்கொள்வார். இன்னொருவர் கடைக்காரரின் தங்கை புருஷன், லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறுபவர், விளையாட்டில் மாவீரன். இரண்டு பேருக்கும் கதை கேட்கும் பொறுமை கிடையாது. எதிரில் யார் வந்தாலும் வெட்டு, கொளுத்து, அடுத்த ஆளைக் கூப்பிடு.

அன்றைக்கு டிராகன் வரும் நாள். கடைக்காரர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அதற்கு ஒரு வம்ச வரலாறே எழுதிவைத்திருந்தார். குரல் எதிரொலிக்க வேண்டுமே என்று வீட்டிலிருந்து ஒரு குண்டானைக் கொண்டுவந்து தலையில் கவிழ்த்துக்கொண்டார். பாத்திரத்துக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கிய நடிகர் வேறு யாரும் இருக்க முடியாது.

டிராகன் உறுமிய நேரம் பார்த்து மெக்கானிக்குக்கு போன் வந்தது. எங்கேயோ ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நின்று இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றி மனைவி தலையில் மாட்டினார்.

"சும்மா உட்கார்ந்திரு. உங்கண்ணன் என்ன கேட்டாலும் வெட்டறேன்னு சொல்லு. வந்துடறேன்."

அவளுக்குத் தண்ணீர் ஆபீஸில் புகார் போன் எடுக்கும் வேலை. பதினொரு வருஷமாகத் திட்டு வாங்கிப் பழகிய காது.

"யாரடா என் குகைக்குள் நுழைந்தது!" என்றது குண்டான்.

"வணக்கம் சார். உங்க குறை என்னன்னு சொல்லுங்க."

டிராகன் தடுமாறியது. "நான் சார் இல்ல. பொம்பள டிராகன்."

"மன்னிக்கணும் மேடம். சொல்லுங்க."

"ஐயோ, கொளுத்திடலாங்க!" என்றார் டீச்சர்.

"இருங்க டீச்சர், மேடம் லைன்ல இருக்காங்க."

டிராகன் உறுமுவதை விட்டுவிட்டது. "முந்நூறு வருஷமா எவனாவது வர்றான், குத்தறான், போறான். 'நீ ஏன் இங்க இருக்க'ன்னு ஒருத்தன் கேட்டதில்ல."

"நீங்களா யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்ல விட்டாத்தானே! கடையில கூட்டமில்லாத நேரமெல்லாம் எழுதி எழுதி வெக்கறேன். இதுங்க ரெண்டும் முதல் பக்கத்துலயே வெட்டிட்டு..."

டிராகனுக்கு ஏது கடை?

"அண்ணா, குண்டானைக் கழட்டு" என்றாள் தங்கை.

கழற்றினார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. மூக்கு சிவந்திருந்தது. டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் கிளாஸ்ல கதைக்கு நடுவுல பேசினா மூலைல நிக்க வெப்பேன் சார். இன்னைக்கு நான்தான் நிக்கணும். படிங்க."

படித்தார். குகையில் புதையல் கிடையாதாம். டிராகனின் நாத்தனார், 'இதோ வந்துடறேன்' என்று விட்டுவிட்டுப் போன நாலு முட்டைகள்தானாம்.

"அடிப்பாவி!" என்றாள் தங்கை. அடைகாத்து அலுத்த டிராகனுக்கு ஓய்வு கொடுத்து, முட்டைகளைத் தாங்களே சுமந்துபோய் நாத்தனாரிடம் சேர்ப்பது என்று முடிவானது. டிராகன் நம்புமா? பகடையை உருட்டினாள். இருபது. பகடையில் அதற்கு மேல் எண் கிடையாது; டிராகன் நம்பிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து, கையெல்லாம் கிரீஸோடு மெக்கானிக் வந்தார். "செத்துடுச்சா?"

"மெதுவா பேசுங்க. முட்டை இருக்கு."

"என் கத்தி?"

"குகைலயே வெச்சாச்சு. ரெண்டு கையிலயும் முட்டை. கத்தியை எங்க பிடிப்பீங்க?"

எட்டு மாதமாக அந்தச் சண்டைக்காகக் காத்திருந்தவர். மச்சானிடமும் மனைவியிடமும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை தங்கையும் தனியாக ஒரு வேஷம் கட்டிச் சேர்ந்துகொண்டாள். வழியிலேயே ஒரு முட்டை பொரிந்தது. குட்டி வெளியே வந்து மாவீரனை நிமிர்ந்து பார்த்து, "அம்மா" என்றது. டீச்சர் சிரித்த சிரிப்பில் அவருடைய மைக் அலறியது.

மெக்கானிக் கொஞ்ச நேரம் உர்ரென்று இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மச்சான், அதுக்குப் பசிக்குமா? என்ன சாப்பிடும்?"