சுவருக்கு அந்தப் பக்கம்

...நேற்று மாலை இடது பக்கம் ஆண்களுக்கான நீலத் திரை தொங்கியது, இன்று காலை அது வலது பக்கம் போய்விட்டது, பொழுது விடிந்தால் இந்த வெந்நீரூற்று விடுதிக்காரர்கள் ஆண்கள் குளியலையும் பெண்கள் குளியலையும் மாற்றிவிடுவார்கள், இரண்டு தொட்டியையும் எல்லாரும் அனுபவிக்கட்டும் என்று, நல்ல எண்ணம்தான், ஆனால் எய்சாகுவுக்கு அதெல்லாம் எப்படி நினைவிருக்கும்... கணவனைக் கைப்பிடித்து நீலத் திரைவரை கொண்டுபோய் விட்டாகிவிட்டது, அவர் உள்ளே போனதையும் பார்த்தாகிவிட்டது, அப்புறம்? கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்தும் கிவாகோவுக்கு உடம்பு இளகவில்லை. காது முழுக்க ஆண்கள் குளியலைப் பிரிக்கிற நடுச்சுவரில் இருந்தது. பலகைச் சுவர், கூரைக்குக் கீழே ஒரு முழம் திறப்பு, கந்தக வாசனையோடு ஆவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகப் போய்வருகிறது, மனுஷியால்தான் போக முடியாது. அதோ, மரவாளியைத் தரையில் வைக்கிற சத்தம்... அவர்தான். பனி தள்ளும் வண்டி ஓட்டிய கைக்கு எதையும் மெதுவாக வைக்கத் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் இந்த ஊர்ப் பாதையைத் திறந்துவிட்டவர், ஒருநாள்கூட இங்கே முழுகியதில்லை, எல்லாம் மறந்துபோவதற்குள் ஒரு தடவையாவது என்றுதான் அழைத்து வந்தாள்... சத்தம் கேட்கிறவரை பயமில்லை.

விடுதிப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாமோ? எப்படிச் சொல்வது? நாத்தனார் போன் செய்தால்கூட, அண்ணன் நல்லாத்தான் இருக்கார், தூங்கறார் என்றுதானே சொல்கிறாள். போன மாதம் கடையில் அவர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நின்றபடியே உரித்துத் தின்றபோது, பார்த்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டதில் இடுப்பே பிடித்துக்கொண்டது. பிறத்தியாருக்குத் தொந்தரவு கூடாது, அது சின்ன வயதிலிருந்து ஊறிப்போனது. இன்று காலை மருந்துப் புத்தர் கோயிலில் கைகூப்பி நின்றபோதும் குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை, எங்களால் இன்றைக்கு யாருக்கும் தொல்லை வரக் கூடாது என்றுதான் கேட்டாள்... இது ஒரு வேண்டுதலா, அந்தப் புத்தருக்கே சிரிப்பு வந்திருக்காதா? வாளிச் சத்தம்... எங்கே வாளிச் சத்தம்? எப்போது நின்றது? என்னங்க, என்று மெல்லக் கூப்பிட்டாள். வழுக்கிவிட்டாரோ, சூட்டில் மயங்கிவிட்டாரோ, துணியில்லாமல் வெளியே பனியில் இறங்கி நடந்துவிட்டாரோ... பக்கத்தில், தலையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு மருமகளைப் பற்றித் தோழியிடம் அளந்துகொண்டிருந்த பருமனான பெண் திரும்பிப் பார்த்தாள். "மூஞ்சி வெளுத்துப் போச்சே, வெந்நி ஒத்துக்கலையா?" ஒண்ணுமில்ல என்கிற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிக்கு வந்தது, வந்து அங்கேயே நின்றது, ஒன்றுமில்லையா, இதுவா ஒன்றுமில்லை... தண்ணீர் அலம்ப எழுந்து நின்றுவிட்டாள்.

"அந்தப் பக்கம் யாராவது இருக்கீங்களா? எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்கார்... அவருக்கு மறதி நோய். கொஞ்சம் பாருங்களேன்." சொல்லியாகிவிட்டது. பெண்கள் எல்லாரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சுவருக்கு மேலே ஒரு தடித்த குரல், இளைஞனுடையது, எழும்பி வந்தது. "இங்கதான் இருக்கார்க்கா. என் வாயெல்லாம் சோப்பு, அதான் உடனே பேச முடியல. என் முதுகத் தேய்ச்சிட்டிருக்கார். இன்னும் கொஞ்சம் தோல் மிச்சமிருக்கு." பருமனான பெண் முதலில் சிரித்தாள். கிவாகோ அந்தக் கோலத்திலேயே சுவரைப் பார்த்துக் குனிந்தாள். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க." "என்னக்கா தொந்தரவு, எங்கப்பா போனதுலேருந்து இந்த முதுகு ஆளில்லாமக் கெடந்துச்சு. ஹிரோத்தா ஹிரோத்தான்னு கூப்பிடறார். அவனாவே இருந்துட்டுப் போறேன், என்ன இப்ப?" ஹிரோத்தா... பனி வண்டியில் அவர் பக்கத்து இருக்கையில் கூடவே போனவன், செத்துப்போய் எத்தனையோ வருஷம். யாரோ ஒரு பிள்ளை, முகம் தெரியாது, ஊர் தெரியாது, செத்தவன் பெயரை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்...

"அசையாதடா ஹிரோத்தா. யார்கிட்ட பேசற?" எய்சாகுவின் குரல், வண்டி ஓட்டுகிற நாளில் இருந்த அதே அதட்டல். "உங்க வீட்டம்மாகிட்ட." "கிவாகோவா? அவளுக்கு எப்பவும் குளிரும். நல்லா முழுகிட்டு வரட்டும், அவசரமில்லன்னு சொல்லு."

"சொல்லிட்டார்ல, உக்காருங்க," என்று பருமனான பெண் அவள் கையைப் பிடித்து இழுத்தாள், மருமகள் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கிவாகோ உட்கார்ந்தாள். வெந்நீர் தோளுக்கு ஏறியது, அப்போதுதான் அது எவ்வளவு சூடு என்று தெரிந்தது. நாளைக்கு அவர் என் பெயரைச் சொல்வாரோ மாட்டாரோ... வியாழக்கிழமை பல் வைத்தியரிடம் போக வேண்டும், வலி பொறுத்துப் பொறுத்து இரண்டு தடவை தள்ளிப் போட்டாயிற்று, எதிர்வீட்டு நாகாவோ அம்மாளிடம் அரை மணி நேரம் இவரோடு இருங்களேன் என்று கேட்டால் என்ன? என்ன நினைப்பாளோ, முடியாது என்றுகூடச் சொல்லலாம்... ஆனால் அந்த அம்மாளும்தான் எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் கதவடியில் நின்று, ஏதாவது சொல்ல வந்தவள்போல, பேசாமல் திரும்பிப் போகிறாள், ஒருவேளை அவள் இத்தனை நாளும் நான் வாய் திறந்து கேட்பேன் என்றுதான் காத்துக்கொண்டு நின்றாளோ...