ராசா போறாரு, அழுங்கக்கா

…கழுதையா, இல்லையில்லை, ராணி பக்கத்தில் எங்காவது நிற்பாள், இப்போது காட்டுவார்கள், என்று தாமரைச்செல்வி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் வாயைத் திறந்து திறந்து மூடியது கழுதைதான், ஒரு காது மடங்கிய பொம்மைக் கழுதை, அதன் வாயிலிருந்து வந்தது இவள் குரல், "ராசா, என்னை விட்டுட்டு அம்புட்டு தூரம் போறீகளே ராசா!"… போனது அரசன்கூட இல்லை, ஒரு வண்டி கேரட். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. கல்லில் சொருகிய வாளை உருவி ராஜாவாகிற பையனின் கதை, வெளிநாட்டுப் பொம்மைப் படம், முழுக்கப் பாட்டு, தமிழில் பேச மதுரைக் குரல் வேண்டுமாம், சிம்மக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வக்குமார்தான் வந்து கூப்பிட்டான், பன்னிரண்டு வருஷமாக அவன் ஆட்டோவில் மைக் செட் கட்டி விடுகிற விளம்பரத்துக்கெல்லாம், ஆடித் தள்ளுபடி, அடகு நகை மீட்பு, எல்லாவற்றுக்கும் இவள்தானே குரல். ராசா போறாரு, நீங்க அழுகணும்க்கா, என்றான், ராசா என்றால் ராஜா, அழுகிறவள் ராணி, வேறு எப்படி நினைப்பாள்? பெற்ற பிள்ளையிலிருந்து காய்கறி வரைக்கும் நம் ஊரில் ராசாதான் என்பது அப்போது ஏன் உறைக்கவில்லை… ராணிக்கு நான்தான் என்று அவன் எதிரிலேயே சொன்னாளே, சிரித்துக்கொண்டுதானே நின்றான் படுபாவி.

ராணியும் வந்தாள், நீலப் பட்டும் கிரீடமுமாக, "அரசே, என்னை மன்னித்தருளுங்கள்" என்று செய்தி வாசிக்கிற தமிழில் பாடினாள், ஓகோ, அரண்மனைக்கு அந்தத் தமிழ், திருடனுக்கும் கழுதைக்கும் நம் பேச்சா? ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறி வந்த நாத்தனார் கனகலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, "மதினி, அப்ப நீங்க ராணி இல்லையா?" என்றாள், நல்லவேளை இருட்டு. சிரிக்கட்டும், அதுகூடப் போகட்டும்… ஆனால் அந்த அழுகை? அன்றைக்கு மைக் முன்னால் எப்படி முயன்றும் அழுகை வரவில்லை, கழுதை தலைகாட்டுமுன்பே டிவியை அணைத்துவிட்டான், "படம் வேணாம்க்கா, கண்ண மூடிக்கங்க, உங்கய்யா தவறுன அன்னைக்கு அழுதீகள்ல, அதே மாதிரி, அவரையே நெனச்சுக்கங்க" என்றான், அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவன் சொல்கிறானே என்று நினைத்தாள், நினைத்ததும் வயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது, அவன் நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோது அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது… கலங்கியதா, சிரிப்பை அடக்கியதா? கழுதை என்று தெரிந்துகொண்டே எங்கய்யாவை நினைக்கச் சொன்னாயே, உனக்கு மனசு எப்படி வந்தது? அப்பா செத்த அழுகையைக் கேரட்டுக்குக் கொடுத்துவிட்டேனே… கழுதையாவது திரும்ப வராமல் இருக்கவேண்டும் என்று கைகளை இறுக்கிக்கொண்டாள், இடைவேளைக்குள் இரண்டு தடவை வந்தது.

விளக்குப் போட்டதும் பாப்கார்னோடு வந்து நின்றான் செல்வக்குமார், முகமெல்லாம் பல், "அக்கா, பாத்தீகளா, தியேட்டரே குலுங்குது!"… இதோ, கேட்டுவிட வேண்டியதுதான், "ஏண்டா செல்வக்குமாரு, எங்கய்யா சாவு உனக்கு…" என்று ஆரம்பித்தாள், அவ்வளவுதான், முன்வரிசைக்காரி சடாரென்று திரும்பி, "அக்கா, அந்தக் கழுதை நீங்கதானா? குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு! எம்மகளுக்கு ஒரே ஒரு வாட்டி அழுது காட்டுங்களேன்" என்றாள். மடியில் இருந்த குழந்தை இவள் வாயையே பார்த்தது, கனகலட்சுமி பார்த்தாள், பக்கத்து வரிசை பார்த்தது, "சும்மா ஒரு வாட்டிக்கா" என்றான் அவனும். முடியாது, செருப்பால் அடிப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், அதற்குள் தொண்டை தானாகச் செருமிக்கொண்டது, மைக் முன்னால் பேசுவதற்கு முன் செருமுமே, அதே செருமல்… யாரைக் கேட்டு? அப்படியென்றால் இந்தத் தொண்டையும் அவன் ஆளா?