நான்காவது கம்பி

ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்த மாணிக்கவேலுக்குக் கேட்டது. இடையில் ஒரு முழுச் செங்கல் சுவர் இருக்கிறது. ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மதியம் வரை இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேட்க வேண்டியிருந்தது என் கணவர் அலன் வாசித்த பேஸ் கிட்டார். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். அதன் பிறகு, கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் வாசித்த வீடியோவை எல்லோரும் எனக்கு அனுப்பினார்கள். பாடுகிறவர்களின் குரல் கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது, டிரம்ஸ் கேட்கிறது. ஓரத்தில் அலன் நிற்கிறார். அவர் விரல்கள் நகர்கின்றன. அவர் வாசிப்பது மட்டும் கேட்கவில்லை.

இதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது. ஒலி என்றால் காற்றைத் தள்ளி இழுப்பது. உச்சமான சுரத்துக்குக் கொஞ்சம் காற்றை வேகமாக ஆட்டினால் போதும். நகத்தளவு ஸ்பீக்கரே அதைச் செய்துவிடும். தாழ்ந்த சுரத்துக்கு நிறையக் காற்றை மெதுவாகத் தள்ள வேண்டும். பேஸ் கிட்டாரின் நான்காவது கம்பி, எல்லாவற்றிலும் தடித்தது, விநாடிக்கு ஏறக்குறைய நாற்பத்தொரு முறை அதிர்கிறது. அதற்கு ஈடுகொடுக்க விசிறி மட்டையால் வீசுவதுபோல ஒரு பெரிய பரப்பு வேண்டும். அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட பெட்டிதான் சப்வூஃபர்.

அழுகை வரவில்லையா என்று சர்ச்சில் கேட்டார்கள். வரவில்லை. சாப்பிட்டேன், பள்ளிக்குப் போனேன், விடைத்தாள் திருத்தினேன். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படி இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும்போல இருந்தது: அந்தப் பாட்டில் அவர் வாசித்ததைக் கேட்க வேண்டும்.

அலனின் தம்பி ஜோபின் வேலூரில் ஒரு ஆடியோ கடையில் வேலை செய்கிறான். சர்ச் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவான பாட்டை அவன் வாங்கி வைத்திருந்தான். அதில் பேஸ் முழுசாக இருந்தது. கடையில் காட்சிக்கு வைக்கும் உயர்ரக சப்வூஃபர்கள் இரண்டைக் கேட்டு வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலமே வேனில் கொண்டுவந்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் வேன் திரும்ப வேண்டும். பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். எதுவும் பிடிக்காவிட்டால் இரண்டும் போய்விடும்.

ஒன்று மூடிய பெட்டி. இன்னொன்றில் முன்பக்கம் குழாய்போல ஒரு துளை. மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங்மாதிரி வேலை செய்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் கை அதை உணரும். ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை அது பிடித்து நிறுத்துகிறது. துளையுள்ள பெட்டி காலிச் சோடா பாட்டில் வாயில் ஊதுவதைப் போன்றது. குழாயில் இருக்கும் காற்றும் சேர்ந்து முழங்கும். அதே அளவு மின்சாரத்துக்கு அதிகச் சத்தம் கிடைக்கும். ஆனால் முழக்கம் அடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எது நல்லது என்பது கேட்கிறவர் காதைப் பொறுத்தது.

என் காதுக்கு இரண்டுமே ஒன்றுதான். மேற்குச் சுவரோரம் டிவிக்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மூடியதை வைத்தோம். சனிக்கிழமை காலையில் துளையுள்ளதை. மற்றச் சுரங்கள் கொஞ்சம் கேட்டன. அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியும் முடியும்போது அலன் நான்காவது கம்பிக்கு இறங்கிவந்து நிற்பார். அந்த இடம் வந்ததும், ஓட்டைச் சட்டைப்பையில் கை விட்டமாதிரி ஒன்றும் இல்லை.

"குழிதான் அண்ணி குடிக்குது," என்றான் ஜோபின், தரையைத் தட்டி.

எங்கள் வீடு ஒரு நெசவாளரிடமிருந்து வாங்கியது. ஹாலில் தறிக்குழி இருந்தது, நெய்கிறவர் கால்களை இறக்கி மிதிகளை மிதிக்கும் பள்ளம். அவர்களே மண்ணைக் கொட்டி மேலே டைல்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். தட்டினால் அந்த இடம் மட்டும் டொக் டொக்கென்று வேறு மாதிரிதான் கேட்கும்.

"மண்ணு எறங்கி உள்ள பொந்தாயிருக்கும். பேஸ் மொத்தமும் அதுக்குள்ள போயிடுது."

"போனா திரும்பி வராதாடா?"

"நீங்கதான் டீச்சரு. நான் பெட்டி தூக்கறவன். ஒடச்சிப் பாத்துடலாமா?"

"டைல்ஸ ஒடச்ச, உன் மண்டைய ஒடப்பேன்."

அவன் சிரித்தான். நானும் சிரிப்புக்கான முகத்தை வைத்துக்கொண்டேன். பெட்டியைக் குழியைவிட்டுத் தள்ளி வைத்தோம். குழிமேலேயே வைத்துப் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை. சத்தத்தைக் கூட்டினான். ஜன்னல் கதவு படபடத்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் நான்காவது கம்பியின் இடத்தில் அதே ஓட்டை.

அப்போதுதான் மாணிக்கவேல் வாசலில் வந்து நின்றார். தோளில் பட்டு நூல் ஒட்டியிருந்தது.

"இன்னா டீச்சர், வூட்ல லாரி ஏதாவது ஓட்டிகினு கீறீங்களா?"

"சத்தம் அதிகமாயிருக்காண்ணே?"

"சத்தம் இல்லீங்க, குழிக்குள்ள காலு கூசுது. நேத்து கூட பரவால்ல. இன்னிக்கு ரொம்ப பேஜாராப் போச்சி."

ஜோபின் என்னைப் பார்த்தான். "நேத்து என்னாண்ணே பரவால்ல?"

"நேத்து அடிச்சா நின்னுச்சிப்பா. இன்னிக்கு அடிச்சப்புறமும் உருண்டுகினே போவுது. நூல நெருக்கற பலகை இழுத்து அடிச்சா அங்கியே நிக்கணும். திரும்ப ஆடிச்சின்னா நெசவு நல்லாவா இருக்கும்?"

"எங்க ஓனரு இத சொல்ல அரை மணி நேரம் எடுப்பாரு," என்றான் ஜோபின்.

"உங்க ஓனருக்குக் காலு குழில இல்லியே."

எனக்கு அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைதான் ஒட்டியது. நேற்று. நாங்கள் ஒன்றும் கேட்காமல் படுக்கப் போன நேற்று, அவருக்கு ஒழுங்காகக் கேட்டிருக்கிறது.

"நான் உங்க தறியில ஒக்காந்து பாக்கலாமாண்ணே?"

"வாங்களேன், அதுக்கென்ன. பாவு நூலு மேல மட்டும் கை படாம ஒக்காருங்க."

ஜோபினை மூடிய பெட்டியைப் போடச் சொல்லிவிட்டுப் போனேன். மாணிக்கவேலின் தறி எங்கள் கிழக்குச் சுவரை ஒட்டினாற்போல இருக்கிறது. பாதி நெய்த அரக்குச் சேலை தறியில் விரிந்திருந்தது. அவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிகளின்மேல் வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அவர் சுவரைத் தட்டி, "போடுப்பா!" என்று கத்தினார்.

பாடுகிறவர்கள் தூரத்தில் முணுமுணுத்தார்கள். அந்தச் சுரங்களைச் சுவர் தடுத்துவிடும். தாழ்ந்த சுரத்துக்குச் சுவர் பெரிய தடையில்லை. முதல் அடி முடிந்தது. உள்ளங்காலில் ஒன்று வந்து தொட்டு நின்றது. மிதி அதிர்ந்தது. பிறகு இரண்டாவது அடி. மறுபடியும் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது. அலன் எப்போதுமே அந்த இடத்தில் ஒரு மயிரிழை தாமதிப்பார். டிரம்ஸ் வாசிக்கிறவன் சண்டை போடுவான்.

அழுகை வரவில்லை. இது அவர்தான் என்று மட்டும் தெரிந்தது. கால்களை எடுக்காமல் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மாணிக்கவேல் நூல் சுற்றிய தார்க்குச்சிகளை எடுத்து அடுக்குவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க வூட்டுக்காரரு வாசிச்சதா?" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே."

"அப்ப நேத்து போட்டதே வச்சிக்கோங்க, டீச்சர். ஏழு மணிக்குத் தறி நிறுத்திடுவேன். அப்புறம் எவ்ளோ நேரம் வேணாப் போடுங்க."

எந்தப் பெட்டி என்பது முடிந்தது. ஆனால் தினமும் ஏழு மணிக்கு இன்னொருவர் தறிக்குழியில் போய்க் கால் விட்டுக்கொண்டு உட்கார முடியாது. என் வீட்டில் கேட்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்தபோது பாட்டு மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாசல் தெருப்பக்கம், கிழக்குச் சுவரை ஒட்டிய மூலையில் இருக்கிறது. உள்ளே கால் வைத்ததும் பாட்டின் ஒரு அடி முடிந்து நான்காவது கம்பி வந்தது. வயிற்றில் தெரிந்தது. நின்றுவிட்டேன்.

"ஜோபின், அந்த எடத்த மட்டும் திரும்பத் திரும்பப் போடு."

சுவரோரம் நின்று கேட்டேன்: இருந்தது. நாற்காலியை நோக்கி நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் மெலிந்தது. நாற்காலியருகே வந்ததும் இல்லை. தாண்டி மேற்கே டிவியிடம் போனேன். திரும்ப வந்தது.

"என்னா அண்ணி, ஜெப நடையா?"

"டேப் எடு. ஹால் நீளம் எவ்ளோன்னு பாரு."

பதினான்கு அடி.

சமையலறையிலிருந்து நீள்சதுர எவர்சில்வர் டிரேயை எடுத்துவந்து பாதிவரை தண்ணீர் ஊற்றினேன். தரையில் வைத்து நீளவாக்கில் மெல்ல ஆட்டினேன். தண்ணீர் ஒரு ஓரத்தில் ஏறியது, மறு ஓரத்தில் இறங்கியது. பிறகு மாறி ஏறி இறங்கியது.

"ஓரத்தப் பாக்காத. நடுவுல பாரு."

ஜோபின் குந்தி உட்கார்ந்து பார்த்தான். நடுவில் தண்ணீரின் மட்டம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இரண்டு பக்கமும் அத்தனை ஆட்டம் இருக்க, நடுவில் இருந்த அந்தக் கோடு அப்படியே இருந்தது.

நாற்பத்தொரு அதிர்வுள்ள சுரத்தின் அலை காற்றில் ஏறக்குறைய இருபத்தெட்டு அடி நீளம். அதில் சரியாகப் பாதி எங்கள் ஹாலுக்குள் அடங்குகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலை, வரும் அலையோடு சேர்ந்து, டிரேயில் தண்ணீர் ஆடுவதுபோல அறைக்குள் ஆடுகிறது. சுவர்களுக்கருகே காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. காது கேட்பது அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். நடுவில் அது இல்லை. மாணிக்கவேலின் தறி ஒரு சுவரை ஒட்டி இருக்கிறது. பெட்டி எவ்வளவு உயர்ரகமாக இருந்தாலும் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சுரம் போய்ச் சேராது. குழி ஒன்றும் குடிக்கவில்லை.

"செரி, நாற்காலிய ஏன் சரியா நடுவுல போட்டிருக்கீங்க?" என்றான் ஜோபின்.

நான் மேலே பார்த்தேன். அவனும் பார்த்தான். ஆரணி வெயிலில் எல்லோரும் நாற்காலியை ஃபேனுக்கு நேர்கீழேதான் போடுவார்கள். ஃபேனை எல்லோரும் கூரையின் நட்டநடுவில்தான் மாட்டுவார்கள்.

"கடைல வாங்கினு போய் ஒண்ணுமே கேக்கலன்னு திட்டறவங்க எல்லாரும் ஃபேன் அடில ஒக்காந்துகினுதான் திட்டறாங்களா?"

"எனக்கென்ன தெரியும். நீ அந்தப் பக்கம் பிடி."

இருவரும் நாற்காலியைத் தூக்கினோம். கிழக்குச் சுவருக்கு ஒரு சாண் விட்டுப் போட்டோம். உட்கார்ந்தேன். காற்று வரவில்லை. கழுத்தில் வேர்த்தது. ஜோபின் பாட்டை முதலிலிருந்து போட்டான். முதல் அடி முடிந்தது. ஒரு மயிரிழை தாமதித்து, நான்காவது கம்பி வந்து நின்றது.

துளையுள்ள பெட்டியை வேனில் ஏற்றினோம். மூடிய பெட்டி மேற்குச் சுவரோரம் இருக்கட்டும். நாற்காலி கிழக்குச் சுவரோரம் இருக்கட்டும். காற்றுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்க வேண்டும்.